பதினேழு மணி நேர நீலம்

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். ‘மேடம், ரெண்டு வார்த்தை’ என்று மைக்கையும் நீட்டினார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்றேன். அதற்குள் சமோசா ஆறிப்போகிறது என்று யாரோ சொல்ல, கூட்டம் எழுந்துவிட்டது. அவர்கள் கேட்ட இரண்டு வார்த்தை அதோடு சரியாக முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன், எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக. சமோசாவை வாங்கிக்கொண்டீர்கள் அல்லவா, இதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லிக் காட்ட வேண்டாம். பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்துத் தொழில்நுட்ப உதவியாளராக உள்ளே போனேன், தொழில்நுட்ப அலுவலராக வெளியே வந்தேன். பெங்களூர் விவேக் நகரில் வீடு. காலையில் ஒரு பஸ், சிவாஜிநகரில் இறங்கி இன்னொரு பஸ். வேலை என்னவென்றால் நறுக்குவது. காராமணிச் செடியைப் பிடுங்கினால் வேரில் மிளகு அளவில் உருண்டை உருண்டையாக முடிச்சுகள் இருக்கும். அவற்றை, அதிரும் கத்தி பூட்டிய ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்து, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிய வில்லைகளாகச் சீவ வேண்டும். வருஷக்கணக்கில் இதே வேலை. வீட்டில் நான் வெங்காயத்தைத் தொடுவதில்லை. இங்கேயும் நறுக்கவா என்று ஒரு நாள் கேட்டேன், அன்றிலிருந்து அது என் வீட்டுக்காரர் பொறுப்பு.

அந்த முடிச்சுக்குள் பாக்டீரியா குடியிருக்கிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது, செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. நல்ல முடிச்சை வெட்டினால் பாக்டீரியா இருக்கும் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைச் சுற்றி, விளிம்பை ஒட்டி, மெல்லிய குழாய்கள் ஓடும். சர்க்கரை உள்ளே வருவதும் நைட்ரஜன் வெளியே போவதும் அந்த வழியாகத்தான். வாஸ்குலர் என்று கூடத்தில் சொல்வோம். ஆராய்ச்சிக்காரர்களுக்கு நடுப்பகுதி என்றால் உயிர். குழாயைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. நம் ஊரிலும் அப்படித்தான், தண்ணீர் வராத அன்றுதான் வீட்டில் குழாய் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது என் தவறைப் பற்றிய கதை. ஆனால் தலை குனிந்து சொல்லப்போவதில்லை. அப்படி எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வனிதா என்று ஒரு பெண் எங்களிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். தொம்மலூர்க்காரி. பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னால் பழைய ஊர் ஒன்று சந்து சந்தாக இருக்கிறதே, அங்கே. அப்பா அதே அலுவலகங்களில் ஒன்றுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். அந்த வீட்டில் கல்லூரியைத் தாண்டிய முதல் ஆள் இவள். காராமணி முடிச்சு உருவாகும்போது ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்திருந்தாள். முடிச்சை அரைத்து அளந்து பார்த்தால் அந்த மரபணுவின் வேலை ஏகமாக ஏறியிருந்தது. ஆனால் அரைத்துப் பார்த்தால் ‘எவ்வளவு’ என்றுதான் தெரியும், ‘எங்கே’ என்று தெரியாது. சாம்பாரை ருசி பார்த்து உப்பு இருக்கிறது என்று சொல்லலாம், எந்தக் காயில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அந்த ‘எங்கே’தான் என் வேலை.

அதற்கு ஒரு வழி உண்டு. அந்த மரபணுவை முடுக்கிவிடும் பகுதியை மட்டும் எடுத்து, அதோடு ஒரு நொதியை ஒட்டவைத்து, வேருக்குள் செலுத்திவிடுவார்கள். பிறகு முடிச்சைச் சீவிக் கரைசலில் ஊறவைத்தால் மரபணு எங்கே விழித்திருக்கிறதோ அங்கே மட்டும் நீலம் பிடிக்கும். மூன்று மணி நேரம் ஊற வேண்டும். குறைந்தால் நிறம் பிடிக்காது. கூடினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் நடுப்பகுதியில் நீலம் வரும் என்று நம்பினார். இதே குடும்பத்து மரபணு ஒன்று வேறொரு பயறில் நடுப்பகுதியில்தான் வேலை செய்கிறது என்று வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், தாத்தா அரசு வேலை. யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். தான் நம்பியதற்குச் சாட்சி கிடைத்துவிட்டால் அதற்கு மேல் துருவ மாட்டார், அவ்வளவுதான். நம்மில் யார் துருவுகிறோம்?

ஒரு வியாழக்கிழமை. மின்சாரம் போய் வந்ததில் எல்லாம் தள்ளிப்போய், வில்லைகளைக் கரைசலில் போடும்போது மாலை நாலரை ஆகிவிட்டது. ஏழரைக்கு வெளியே எடுக்க வேண்டும். வியாழன் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் நவநாள் செபம். அன்றைக்கு விவேக் நகருக்குள் ஆட்டோகூட நுழையாது, அவ்வளவு ஜனம். நான் ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் பூசைக்குப் போய்ச் சேர முடியும். யாரிடமாவது எடுக்கச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். கூடத்தில் யாரும் இல்லை. கிளம்பிவிட்டேன். வில்லைகள் கெட்டால் கெட்டுப் போகட்டும், நாளைக்கு வேறு சீவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதுவரைக்கும் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை.

குற்றம் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் இந்நேரம் தொற்றியிருக்கும். தட்டை உள்ளே வைக்கும்போதே வெளியே எடுக்கும் நேரத்தையும் எழுதிவிடுவது. கையுறையைக் கழற்றி இரண்டு தடவை பேனாவைத் தேட வேண்டாம் அல்லவா? ‘உள்ளே 4.30, வெளியே 7.30’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன். ஏழரைக்கு நான் கோவிலில் முழங்காலில் இருந்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வந்தேன். பதினேழு மணி நேரம் ஊறிய வில்லைகள். கொட்டுவதற்கு முன்னால் எப்படித்தான் ஆகியிருக்கிறது பார்ப்போமே என்று ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தேன். முடிச்சின் நடுப்பகுதி முழுக்க நீலம். அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. விளிம்பில் சில பொடிப் புள்ளிகள் போக, நடுவில் ஒரே அடர்த்தியாக, பாடப் புத்தகத்தில் வரைந்து வைத்த மாதிரி இருந்தது. பின்னால் தலைவர் நின்றுகொண்டிருந்தார். தள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, நானாகவே தள்ளிக்கொண்டேன். பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு வனிதாவைக் கூப்பிட்டார். அவளும் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

‘சார், இது ஒரு நிமிஷம்’ என்று நான் ஆரம்பித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தனை வருஷத்தில் அவர் எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு நிமிஷம் அங்கேயே போய்விட்டது.

மறைக்க வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. கூடுதல் நேரம் ஊறினால் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும், வேறென்ன என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். படம் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டப்பட்டது. ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. கீழே பொடி எழுத்தில் என் பெயர். அதில் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போய் டி.வி. பக்கத்தில் வைத்தேன். வந்தவர் போனவரெல்லாம் பார்த்தார்கள். நறுக்குகிறவள், நறுக்குகிறவள் என்றே இருந்துவிட்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். எனக்குப் பிடித்திருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஆறு மாதம் போனது. வனிதாவின் ஆய்வேட்டில் இரண்டாவது அத்தியாயம் முழுக்க அந்தப் படத்தின் மேல் எழும்பியிருந்தது. அதே படத்தை வைத்து வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலையும் உறுதியாகியிருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த சான்று காட்டினால் போதும், விமானம் ஏறலாம். அப்பா அவர் ஓட்டும் வேனில் வரும் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாராம். அச்சுக்கு இன்னும் இரண்டு படம் வேண்டும் என்று என்னிடம் புது முடிச்சுகள் வந்தன. ஒழுங்காக மூன்று மணி நேரம் ஊறவைத்து எடுத்தேன்.

நடுப்பகுதி வெள்ளையாக இருந்தது. விளிம்பில் மட்டும், குழாய்கள் ஓடும் இடத்தில், புள்ளி புள்ளியாக நீலம்.

கத்தி மழுங்கியிருக்கும் என்று மாற்றினேன். கரைசல் பழசு என்று புதிதாகக் கலக்கினேன். வேறு செடியிலிருந்து முடிச்சு எடுத்தேன். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் குழாய்தான். அப்போதுதான் அந்த வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. எதையும் செலுத்தாத வெறும் செடியின் முடிச்சை எடுத்தேன். அதில் நீலம் வரக் காரணமே இல்லை. அதைச் சீவி, அன்றைக்குப் போலவே மாலை நாலரைக்குப் போட்டு, மறுநாள் ஒன்பதரைக்கு எடுத்தேன். நடுப்பகுதி முழுக்க நீலம். வராந்தாவில் தொங்கும் அதே படம். உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா அத்தனை நேரம் ஊறினால் தன் பங்குக்குத் தானே நிறம் காட்டும். வனிதாவின் மரபணுவுக்கும் அந்த நீலத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

அன்றைக்கே தலைவரின் அறைக்குப் போனேன். மூன்று மணி நேர வில்லை ஒன்று, வெறும் செடியின் வில்லை ஒன்று, இரண்டின் கண்ணாடித் துண்டுகளையும் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், நவநாள் உட்பட. அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

“ஸ்டெல்லா, இதுல மூணு மணி நேரம்னு இருக்கு. உங்க கையெழுத்துதானே?”

என்னுடையதுதான் என்றேன். முன்கூட்டியே எழுதிய நேரம் அது, பொய் என்றேன். ஆறு மாதத்துக்கு முன்னால் எழுதியது பொய்யா, இன்றைக்கு வந்து சொல்வது பொய்யா என்று அவர் எப்படி முடிவு செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிறகு அவர் கேட்டதெல்லாம் அப்படி இல்லை. குழாய்த் திசு எப்போதுமே சாயத்தை இழுக்கும், அதை நம்பக் கூடாது என்றார். என் கை முன்போல இல்லையோ என்றார். இந்த நேரத்தில் வனிதாவைக் கலக்க வேண்டாம் என்றார். கடைசியில் எழுந்து நின்றுகொண்டு, குரல் உயர்த்தாமல்தான், பாதி கன்னடத்தில் சொன்னார்.

“சும்னே தலைய கெடுத்துக்காதீங்க. டிகிரி வரட்டும், அப்புறம் நோடோண, பாக்கலாம். பொண்ணோட லைஃப் இது.”

நான் கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டேன். அவை மேஜையிலேயே இருக்கட்டும் என்றார். இருக்காது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு அடுத்த திங்கட்கிழமை என்னைச் சீவும் இயந்திரத்திலிருந்து எடுத்து விதைக் கிடங்குக்கு மாற்றினார்கள். காராமணியை ரகம் ரகமாகப் பிரித்து டப்பாவில் போடும் வேலை. காரணம் கேட்டேன், பணிச்சுமைப் பங்கீடு என்றார்கள். மூன்று வாரம் பங்கிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்னால் மாணவர்கள் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்து வழக்கம். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். வனிதாவின் நாள் வந்தது. தொழில்நுட்ப ஊழியர்கள் வரத் தேவையில்லை என்று தலைவர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். வரக் கூடாது என்று சொல்லவில்லை, வரத் தேவையில்லை என்றுதான் சொன்னார். நானும் தமிழ் தெரிந்தவள்தான். விதைக் கிடங்கைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எழுந்து பேச வேண்டும் என்று முடிவெடுத்துப் போகவில்லை. பேசாமல் இருக்க முடியுமா என்று பார்க்கத்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

வனிதா பச்சைப் புடவையில் இருந்தாள். நன்றாகப் பேசினாள். அப்பா முதல் வரிசையின் ஓரத்தில், வேன் ஓட்டும்போது போடும் வெள்ளைச் சட்டையில், இங்கிலீஷ் புரியாமல் மகளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் என் படம் வந்தது. சுவர் அளவுக்கு நீலம். அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, பாராட்டு முணுமுணுப்பு. வெளியிலிருந்து வந்தவர் வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள் என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

மூன்று மணி நேரம் என்றாள் வனிதா. அவளுக்குத் தெரிந்த உண்மை அதுதான். என் கையெழுத்தில் இருந்த உண்மை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். அதில்தான் சொன்னேன். தமிழில் எழுதினால் இவ்வளவுதான்.

“இல்லை சார். பதினேழு மணி நேரம். ஊறவைத்தது நான். நோட்டில் பொய்யாக எழுதியதும் நான்.”

தலைவர் திரும்பி, இது பற்றிப் பிறகு பேசலாம் என்றார். இப்போதே சொல்லி முடித்துவிடுகிறேன் சார், உட்கார்ந்தால் என்னால் மறுபடி எழ முடியாது என்றேன். சிலர் சிரித்தார்கள். வேடிக்கைக்காக நான் அதைச் சொல்லவில்லை.  வெறும் செடியின் முடிச்சும் பதினேழு மணி நேரத்தில் இதே நிறம் காட்டுகிறது, மூன்று மணி நேரத்தில் குழாயில் மட்டும் நீலம் வருகிறது, கண்ணாடித் துண்டுகள் என் கைப்பையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றேன். தேர்வாளர் கையை நீட்டினார். அரங்கத்தின் நடுவழியில் நடந்துபோய்க் கொடுத்தேன். வனிதாவின் அப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவருக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை, கால்களை ஒதுக்கி எனக்கு வழிவிட்டார்.

அன்று பேச்சு பாதியில் நின்றது. ஆய்வேடு சமர்ப்பிக்கப்படவில்லை. வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போனது. இதையெல்லாம் மூடி மறைத்து இனிப்பாக எழுத எனக்கு வராது.

எனக்கு மெமோ வந்தது, பதிவேட்டில் பொய்யான நேரம் எழுதியதற்கு விளக்கம் கேட்டு. ஆமாம், எழுதினேன், அது தவறு என்று ஒரே வரியில் பதில் கொடுத்தேன். அந்த மெமோ நியாயமானது, இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூன்று வாரம் முன்பே அறைக்கு வந்து சொன்னவளை விதைக் கிடங்கில் ஏன் உட்கார வைத்தீர்கள் என்று கேட்டு யாருக்காவது மெமோ போனதா என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. சபையில் ஒரு பெண்ணை அவமானப்படுத்திவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். நறுக்குகிறவளுக்கு ஏன் இந்த வேலை என்றும் கேட்டார்கள். நறுக்குகிறவளுக்குத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் என்று காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். இன்றைக்கும் அதையே சொல்வேன். அந்த அரங்கத்தில் எழுந்து நின்றதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மரபணு குழாய்த் திசுவில்தான் வேலை செய்கிறது என்று வனிதாவே நிரூபித்தாள். முடிச்சு முளைவிடும்போதே, வேரிலிருந்து அதற்குக் குழாய் பிரிகிற இடத்தில் முதல் நீலம் தெரிகிறது. அதை முடக்கிப் பார்த்தால் முடிச்சுகள் சிறுத்து, வெளிறிப்போய், பட்டினி கிடக்கின்றன. தேவையில்லாத கறை என்று எல்லோரும் ஒதுக்கிய இடத்தில்தான் அவளுடைய கண்டுபிடிப்பு இருந்தது. பட்டம் ஒன்றேகால் வருஷம் தள்ளி வந்தது. இப்போது வேறொரு நாட்டில் இருக்கிறாள். தலைவர் கையெழுத்துப் போட்டார், புதுப் படத்தைப் பற்றிக் கூட்டங்களில் பெருமையாகப் பேசினார். பேசட்டும். வராந்தாவில் இருந்த பழைய படத்தைக் கழற்றச் சொல்லி நான் நாலு தடவை எழுதிக் கொடுத்த பிறகுதான் கழற்றினார்கள்.

கதை நன்றாக முடிந்தது, ஆகவே நான் செய்தது சரி என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாயில் ஒன்றும் இல்லாமல் போயிருந்தாலும், வனிதாவுக்குப் பட்டமே கிடைக்காமல் போயிருந்தாலும், அந்தப் படம் பொய்தான். எழுந்து நின்றிருக்கத்தான் வேண்டும். இதில் என்னோடு வாதாட வருபவர்கள் வரலாம், விவேக் நகரில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்.

ஆனால் இவ்வளவு வீராப்பு பேசும் நான் ஒரு இடத்தில் வாயடைத்துப் போனேன். அதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் சவடால்.

அரங்கத்தில் நடந்த நாளிலிருந்து பத்து நாள் வனிதா வரவில்லை. என்னை மறுபடி சீவும் இயந்திரத்துக்கு மாற்றியிருந்தார்கள், தேர்வாளர் கேட்ட படங்களை எடுக்க வேறு ஆள் இல்லை. பதினோராவது நாள் காலை வந்தாள். கையில் முடிச்சுகள் வைத்த தட்டு. அழுது முடித்த முகம், கோபம்கூட மிச்சம் இல்லை. என் மேஜையின் எதிரே நின்றாள். 

“மேம், என் பேச்சுக்கு மூணு வாரம் முன்னாடியே சார்கிட்ட சொல்லிட்டீங்களாமே. என்கிட்ட ஏன் சொல்லல?”

பதில் தயாராக இருந்தது. சார் வேண்டாம் என்றார் என்று சொல்லலாம். எங்கள் கூடத்து முறை அதுதான் என்று சொல்லலாம், நாங்கள் தலைவரிடம் சொல்வோம், தலைவர் மாணவர்களிடம் சொல்வார். இரண்டும் உண்மை. ஆனால் அவள் தினமும் மதியம் என் எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு கரண்டி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவள். விதைக் கிடங்குக்குக்கூடத் தேடி வந்து சாப்பிட்டாள். இருபத்தொரு நாள் அவள் எதிரே உட்கார்ந்து அவள் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டிருக்கிறேன். தலைவரின் கோபத்தை என்னால் தாங்க முடியும். இவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் ஊர் முன்னால் பார்க்க வேண்டியதாகிவிட்டது, அதுவும் அவள் அப்பாவை வைத்துக்கொண்டு. மூன்று வாரம் முன்னால் அவளிடம் சொல்லியிருந்தால் அவளே அந்தப் படத்தை எடுத்துப் போட்டிருப்பாள். அவளே எழுந்து நின்று சொல்லியிருப்பாள். அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

தலைவரிடம் கேட்காத மன்னிப்பை அவளிடம் கேட்டேன். தப்பு பண்ணிட்டேன்மா, மொதல்ல உன்கிட்டதான் வந்திருக்கணும் என்றேன். வேறொன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பரவாயில்லை மேம் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்து அன்றைய தேதியை மட்டும் எழுதினாள். உள்ளே, வெளியே என்ற இரண்டு இடங்களையும் காலியாக விட்டாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“நீங்க கட் பண்ணுங்க. டைம் நான் பாத்துக்கறேன்.”

வில்லைகள் ஊறிய மூன்று மணி நேரமும் அவள் அந்த முக்காலியை விட்டு எழவில்லை. நானும் அவளை எழச் சொல்லவில்லை.